2009ல் டெல்லி போர்நிறுத்தம் கேட்டதா, கேட்கவில்லையா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஈழப் போரின் கடைசி மாதங்களில் இந்திய அரசு போர்நிறுத்தம் வேண்டும் என்று கேட்டதா? காங்கிரஸ்காரர்கள் கேட்டோம் என்கிறார்கள். தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் கேட்கவே இல்லை என்கிறார்கள். ஒரே அரசு, ஒரே போர். எப்படி இரண்டும் உண்மையாக இருக்க முடியும்?"

இரண்டு பக்கமும் கையில் ஒரு செய்தித் துணுக்கை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். 2008 அக்டோபரிலிருந்து 2009 மே வரையிலான எட்டு மாதத்தில் டெல்லி தன் நிலைப்பாட்டை ஐந்தாறு விதமாகச் சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியின் அறிக்கையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதனால் அந்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். படிக்கும்போது யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், எதை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன நிபந்தனை போடுகிறார்கள் என்று மட்டும் கவனித்தால் போதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வையுங்கள், பேசுங்கள்" என்ற முழு அர்த்தத்தில் டெல்லி போர்நிறுத்தம் கேட்கவில்லை. அதற்கு மிக அருகில் வந்தது ஒரே ஒரு நாள், 2009 பிப்ரவரி 28. அதற்கு முன்னும் பின்னும் வந்த பேச்சுகளில் தமிழ்நாட்டின் சூடு ஏறினால் சொற்கள் ஏறின, சூடு தணிந்தால் சொற்களும் தணிந்தன. போரின் போக்கைப் பற்றி டெல்லி எடுத்திருந்த முடிவில் மட்டும் அசைவு தெரியவில்லை.

அந்தச் சொல் ஏன் டெல்லிக்கு அவ்வளவு கசந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1987ல் போன அமைதிப்படை 1990ல் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்திருந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதம் புலிகள் இயக்கத்துக்கு இந்தியா தடை விதித்தது. இதெல்லாம் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாதது 2002 பிப்ரவரி ஒப்பந்தத்தின் நிழல். நார்வே நடுவில் நின்று செய்த அந்தப் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ரணில் விக்கிரமசிங்க ஒரு பக்கம், பிரபாகரன் இன்னொரு பக்கம் கையெழுத்திட்டார்கள். இரு தரப்பின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் எல்லை குறிக்கப்பட்டது. கண்காணிக்க வெளிநாட்டுக் குழு வந்தது. ஆக, கொழும்பின் காதிலும் டெல்லியின் காதிலும் "போர்நிறுத்தம்" என்றால் புலிகளுக்குச் சம நாற்காலி போடுவது என்றே விழுந்தது. மகிந்த ராஜபக்ச அரசு 2008 ஜனவரியில் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. அந்த நாற்காலியை மறுபடியும் போடச் சொல்ல டெல்லிக்கு மனமில்லை.

(சட்டப்படி பார்த்தால் இந்தப் பயத்துக்குப் பெரிய அடிப்படை கிடையாது. உள்நாட்டுப் போர்களில் பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3ஆம் பிரிவு, அதைக் கடைப்பிடிப்பதாலோ அதன்படி உடன்பாடு செய்வதாலோ எந்தத் தரப்பின் சட்டத் தகுதியும் மாறாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் வெளியுறவு அமைச்சகங்கள் பயப்படுவது சட்டத்துக்கு அல்ல, அடுத்த நாள் தலைப்புச் செய்திக்கு.)

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெளியே அறிக்கைகள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், உள்ளே ஒரு தனிப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. இந்தியத் தரப்பில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலர் விஜய் சிங். இலங்கைத் தரப்பில் ஜனாதிபதி மகிந்தவின் தம்பிகள் பசில் ராஜபக்ச, கோத்தபாய ராஜபக்ச (பாதுகாப்புச் செயலர்), ஜனாதிபதியின் செயலர் லலித் வீரதுங்க. இந்த ஆறு பேரும் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். இந்தியா இலங்கைக்கு ரேடார்கள் கொடுத்திருந்தது. தாக்குதல் ஆயுதங்கள் தர மாட்டோம் என்றது. அவற்றைத் தர சீனாவும் பாகிஸ்தானும் தயாராக இருந்தன. அம்பாந்தோட்டையில் சீனக் கடனில் துறைமுக வேலையும் தொடங்கியிருந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்தினால் கொழும்பு முழுவதுமாக அந்தப் பக்கம் போய்விடும் என்ற கணக்கு டெல்லியில் எப்போதும் இருந்தது.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம்.

2008 அக்டோபர் 14 அன்று சென்னையில் முதல்வர் கருணாநிதி கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம் டெல்லிக்குக் கெடு விதித்தது: இரண்டு வாரத்துக்குள் இலங்கையில் போர்நிறுத்தம் வரச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ராஜினாமா செய்வார்கள். அ.தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. தி.மு.க. எம்.பி.க்கள் ராஜினாமாக் கடிதங்களைத் தலைவரிடம் கொடுத்தார்கள். 24ஆம் தேதி கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி. மத்தியில் மன்மோகன் சிங் அரசு தி.மு.க. எம்.பி.க்களின் ஆதரவோடு ஓடிக்கொண்டிருந்த காலம் அது, ஆகவே மிரட்டலுக்குப் பலம் இருந்தது.

26ஆம் தேதி பசில் ராஜபக்ச டெல்லிக்கு வந்தார். வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியைச் சந்தித்தார். கூட்டறிக்கை வந்தது. அதில் பேச்சுவார்த்தை வழியான அரசியல் தீர்வு இருந்தது, மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் இருந்தது, பயங்கரவாதத்தை உறுதியோடு எதிர்கொள்வது இருந்தது, இந்தியா அனுப்பவிருந்த நிவாரணப் பொருட்கள் இருந்தன. கெடு எதற்காக விதிக்கப்பட்டதோ அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. அன்று மாலையே பிரணாப் சென்னைக்கு வந்து கருணாநிதியைச் சந்தித்தார். ராஜினாமா கைவிடப்பட்டது.

இந்த எட்டு மாதக் கதையின் அச்சு அன்றே வார்க்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். தமிழ்நாடு "போர்நிறுத்தம்" என்று கேட்கும். டெல்லி "நிவாரணம், அரசியல் தீர்வு, பொதுமக்கள் பாதுகாப்பு" என்று பதில் தரும். அந்தப் பதிலையே கோரிக்கை நிறைவேறியதாகத் தமிழ்நாட்டின் ஆளுங்கட்சி எடுத்துக்கொள்ளும். அப்புறம் போர் நடந்துகொண்டேயிருக்கும்.

நவம்பரில் சட்டப்பேரவை ஒருமனதாகப் போர்நிறுத்தத் தீர்மானம் போட்டது. அதை ஒட்டியே டெல்லியில் வங்கக் கடல் நாடுகளின் மாநாட்டுக்கு வந்த மகிந்த, புலிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் போர்நிறுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். டிசம்பர் 4 அன்று அனைத்துக் கட்சிக் குழு பிரதமரைச் சந்தித்தது. பிரணாபைக் கொழும்புக்கு அனுப்புவதாகப் பதில் கிடைத்தது. அவர் போனது ஜனவரி 27 அன்று. இடைப்பட்ட காலத்தில் கிளிநொச்சி விழுந்தது (ஜனவரி 2), முல்லைத்தீவு நகரமும் விழுந்தது (ஜனவரி 25).

ஜனவரிப் பயணத்தின் முடிவில் பிரணாப் வெளியிட்ட அறிக்கைதான் "கேட்கவே இல்லை" என்பவர்களின் மிக வலுவான ஆதாரம். ராணுவ வெற்றிகள், 23 ஆண்டு மோதலுக்குப் பிறகு வடக்கில் இயல்பு வாழ்க்கையை மீட்க ஓர் அரசியல் வாய்ப்பைத் தருகின்றன என்பது அதன் சாரம். போரை நிறுத்து என்று சொல்லப் போனவர் வெற்றியை வாய்ப்பு என்று சொல்லிவிட்டு வந்தார் என்றே தமிழ்நாட்டில் அது படிக்கப்பட்டது. அப்படிப் படித்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள், ஜனவரி 29, சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு தெருவின் குரல் கட்சிகளின் கையை விட்டு மாணவர்கள், வழக்கறிஞர்கள் கைக்குப் போனது.

பிப்ரவரி 23 அன்று புலிகள் ஐ.நா.வுக்கும் மேற்கு நாடுகளுக்கும் எழுதினார்கள்: போர்நிறுத்தத்துக்குத் தயார், ஆயுதத்தைக் கீழே வைக்க முடியாது. கொழும்பு உடனே நிராகரித்தது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, தூத்துக்குடியில் ஒரு விழாவில் பிரணாப் பேசினார். புலிகளின் முன்வைப்பு ஆயுதத்தைக் கைவிடும் அளவுக்குப் போகவில்லை என்றாலும், இலங்கை அரசு அதைப் பற்றிக்கொண்டு சண்டையில் ஓர் இடைநிறுத்தம் கொண்டுவர வேண்டும், அந்த இடைவெளியில் சிக்கியிருக்கும் மக்கள் வெளியேற வழி செய்ய வேண்டும் என்றார்.

"கேட்டோம்" என்கிற காங்கிரஸ்காரர்கள் காட்டுவது இந்தப் பேச்சைத்தான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதல் முறையாக டெல்லி, புலிகள் ஆயுதத்தைக் கீழே வைக்காமலேயே கொழும்பு நிறுத்தலாம் என்றது. ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கொழும்பு மட்டுமல்ல, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நார்வே என்ற, இலங்கை அமைதி முயற்சியின் நான்கு இணைத் தலைமைத் தரப்புகளும் பிப்ரவரி 3 அறிக்கையில் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டிருந்தன. அந்தத் தரப்புகளும் மக்களை வெளியேற்ற ஒரு தற்காலிகத் துப்பாக்கி ஓய்வைக் கேட்டதோடு நின்றன, புலிகளிடம் ஆயுதத்தைக் கைவிடுவது பற்றிப் பேசச் சொன்னன. அந்த வகையில் தூத்துக்குடிப் பேச்சு அவர்களை விட ஓரடி முன்னே இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். சொன்ன சொல் போர்நிறுத்தம் இல்லை, இடைநிறுத்தம். சொன்ன இடம் டெல்லியோ கொழும்போ இல்லை, தமிழ்நாட்டுக் கரை. சொன்ன நாளோ, நாடாளுமன்றத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு. காரணத்தை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, நாட்காட்டியை மட்டும் காட்டுகிறேன். கொழும்பு அந்தப் பேச்சைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்காததற்கு எந்த விலையும் கொடுக்கவும் இல்லை. ஒரு கோரிக்கை உண்மையிலேயே கோரிக்கையா என்று தெரிய, மறுத்தவருக்கு அடுத்த வாரம் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும். இலங்கையின் கிழக்குக் கரையில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. அது பல உயிர்களைக் காத்த வேலை. ஆனால் காயம் எங்கிருந்து வருகிறது என்று அந்தக் குழு கேட்க முடியாது.

ஏப்ரல் தனிக் கதை. புத்தாண்டுக்கு மகிந்த இரண்டு நாள் ஓய்வு அறிவித்தார். 20ஆம் தேதி புதுமாத்தளனில் புலிகளின் பாதுகாப்பு மண் அணை ராணுவத்தால் உடைக்கப்பட்டு, சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியே வந்தார்கள். அதற்கு முன் போர்ப் பகுதிக்கு உள்ளே இருப்பவர்கள் மொத்தமே 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கு போர்நிறுத்த விவாதத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. உள்ளே இருப்பவர்கள் குறைவு என்றால் நிறுத்துவதற்கான அவசரமும் குறைவு. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000க்கும் மேல்.

அந்த வாரம் டெல்லியின் குரல் உரத்தது. அப்பாவித் தமிழர்கள் கொல்லப்படுவது குறித்து மிகவும் வருந்துகிறோம், கொலைகள் நிற்க வேண்டும் என்றார் பிரணாப். தமிழ்நாட்டில் ஆளுங்கட்சியே பந்த் நடத்தியது. 24ஆம் தேதி நாராயணனும் மேனனும் கொழும்புக்குப் பறந்தார்கள். 26ஆம் தேதி புலிகள் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். அதை வேடிக்கை என்று ஒதுக்கினார் கோத்தபாய.

27ஆம் தேதி விடியற்காலையில், மெரினாவில் அண்ணா சமாதி அருகே கருணாநிதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சில மணி நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. இலங்கைத் தேசியப் பாதுகாப்புச் சபை கூடி, போர் நடவடிக்கைகள் முடிவுக்கு வந்துவிட்டதாகவும், பொதுமக்களுக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய கனரகப் பீரங்கிகள், போர் விமானங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று படைகளுக்கு உத்தரவிட்டதாகவும் அறிவித்தது. போர்நிறுத்தம் வந்துவிட்டது என்று உண்ணாவிரதம் மதியத்துக்குள் முடிந்தது.

அந்த அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். நிற்பது சிலவகை ஆயுதங்கள் மட்டும். படை முன்னேறுவது நிற்காது, மக்களை மீட்கும் நடவடிக்கை என்ற பெயரில் தொடரும். இது போர்நிறுத்தம் இல்லை என்று இலங்கை அதிகாரிகளே அன்றைக்கே விளக்கம் சொன்னார்கள். ஆக, கொழும்பு கொடுத்தது ஒன்று, டெல்லி சென்னைக்குக் கடத்தியது ஒன்று, சென்னை மக்களிடம் சொன்னது ஒன்று. அறிவிப்புக்குப் பிறகும் குண்டு விழுகிறதே என்று செய்தியாளர்கள் கேட்டபோது, "மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்ற பழமொழியில் பதில் சொன்னார் கருணாநிதி. அந்த ஒரு வரி அவரை இன்றுவரை விடவில்லை. ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் அமைத்த வல்லுநர் குழு 2011ல் தந்த அறிக்கை, ஏப்ரல் 27க்குப் பிறகும் கனரக ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதைப் பதிவு செய்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. மக்களைப் பிடித்து வைத்ததற்கும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதற்கும், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததற்கும் புலிகளையும் அதே அறிக்கை குற்றம் சாட்டியது. இதை விட்டுவிட்டு அந்த அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் காட்டுகிறார்கள்.

நிலைப்பாடு மாறியது டெல்லிக்கும் தி.மு.க.வுக்கும் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போர் என்றால் பொதுமக்கள் சாவது நடக்கும் என்ற தொனியில் ஜனவரியில் பேசிய ஜெயலலிதா, மார்ச்சில் ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் கடைசியில் தனி ஈழமே தீர்வு என்று மேடையில் முழங்கினார். தேர்தல் முடிவு எதைக் காட்டியது என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் தி.மு.க. அணிக்கு 27 கிடைத்தது.

ஏப்ரல் 29 அன்று பிரிட்டன், பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர்கள் டேவிட் மிலிபேண்டும் பெர்னார் குஷ்னேரும் கொழும்பில் இறங்கி, போர்நிறுத்தம் என்ற சொல்லையே சொல்லிக் கேட்டார்கள். மகிந்த மறுத்துவிட்டார். "அவர்கள் கேட்டும் நடக்கவில்லை, இந்தியா கேட்டிருந்தால் மட்டும் நடந்திருக்குமா?" என்று டெல்லிக்காக வாதாடுகிறவர்கள் இதைக் காட்டுவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லண்டனும் பாரிஸும் மறுக்கப்பட்டாலும் கொழும்புக்கு நிம்மதி இருந்ததற்கு ஒரு காரணம், பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இந்தப் போர் முறையான நிகழ்ச்சி நிரலுக்குள் கடைசி வரை வரவில்லை. சபை ஒரு பத்திரிகை அறிக்கை வெளியிட்டதே மே 13 அன்றுதான். தமிழ்நாடு வாக்களித்த அதே நாள். 16ஆம் தேதி வாக்கு எண்ணினார்கள். 18ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

இனி கேள்வியின் வால்: "அப்படியானால் 2012ல் இலங்கைக்கு எதிராக இந்தியா வாக்களித்ததே, அது மாற்றம் இல்லையா?" 2009 மே 27 அன்று ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில், போர் முடிந்ததை வரவேற்ற, இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்தது. 2012 மார்ச் 22 அன்று அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோதும் இந்தியா ஆதரித்தது. 2013ல் மறுபடியும் ஆதரவு. ஆனால் தீர்மானம் நீர்த்துப்போனது என்று சொல்லி தி.மு.க. கூட்டணியை விட்டே வெளியேறியது. 2014ல் சர்வதேச விசாரணை என்று வந்ததும் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. வாக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரிய ஊசலாட்டமாகத் தெரியும். 2012 தீர்மானத்தின் வாசகத்தைப் படித்தால் அப்படித் தெரியாது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கைக்கு ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் வழங்கலாம் என்ற இடத்தில், "இலங்கை அரசுடன் கலந்துபேசி, அதன் சம்மதத்துடன்" என்ற சொற்கள் பின்னால் சேர்க்கப்பட்டன. சேர்க்க வைத்தது இந்தியா.